தாளமும் தண்டனையும்

ஆசிரியரின் சினமே மாணவனுக்கு வரமாகும் என்னும் நம்பிக்கை உலகெங்கும் உண்டு. கலை பயிலும் இடங்களில் அஃது இன்னும் ஆழமாக வேரோடியிருக்கின்றது. அந்நம்பிக்கையை உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் திரைப்படம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'விப்லாஷ்' என்னும் அமெரிக்கப் படம் அது. அதனை எழுதி நெறிப்படுத்திய டேமியன் சசெல், பள்ளிப் பருவத்தில் தாமும் ஜாஸ் குழுவொன்றில் மேளம் வாசித்தவர்.

நியூயோர்க் நகரிலுள்ள ஓர் இசைக் கல்லூரி. அது கற்பனைக் கல்லூரியே. அங்கே பயிலும் பத்தொன்பது வயது இளைஞன் ஆண்ட்ரூ, உலகம் போற்றும் மேளக் கலைஞனாக விளங்க வேண்டுமென்று கனவு காண்கிறான். அவனைத் தம் குழுவிற் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர் பிளெட்சர், தாளம் பிசகியதும் நாற்காலியைத் தூக்கி எறிகிறார். காலம் முந்தியதா, பிந்தியதா என்று கேட்டுக் கன்னத்தில் அறைகிறார். இளைஞனோ கைகளில் இரத்தம் கசியக் கசியச் சாதகம் செய்கிறான். காதலித்த பெண்ணைத் தன் இலட்சியத்துக்குத் தடையென்று கருதி விலக்கிவிடுகிறான். வாகன விபத்தில் அடிபட்ட பின்னரும், குருதி தோய்ந்த உடலோடு மேடைக்கு ஓடுகிறான். பிளெட்சராக நடித்த ஜே. கே. சிமன்ஸ், சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் விருதை 2015இல் பெற்றார்.

தம் கொடுமைக்கு நியாயமாக, பிளெட்சர் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இளைஞன் சார்லி பார்க்கர் பிழையாக வாசித்தபோது, மேளக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தாளத் தட்டை அவன் தலையைக் குறிவைத்து எறிந்தாராம். அந்த அவமானமே அவனை மேதையாக்கிற்றாம்.

நேயர்களே, இங்குதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். 1930களில் கான்ஸாஸ் நகரில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்நிகழ்ச்சியில், ஜோன்ஸ் தட்டைப் பார்க்கரின் காலடியிலேதான் போட்டார். அவை சிரித்தது, பார்க்கரின் மனம் புண்பட்டது. அது மெய். ஆயின் அவரை உயர்த்தியது அந்தத் தட்டு மட்டுமா? 1937ஆம் ஆண்டுக் கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் ஓர் இசைக்குழுவோடு தங்கியிருந்தபோது, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டு அவர் பயின்றார். கூட வாசித்தோரிடம் சுரச் சேர்க்கைகளைக் கற்றார். அவமானம் ஒரு கணம், உழைப்போ நெடுங்காலம். பிளெட்சரின் கதையில் அந்தக் கணம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அவர் மறைக்கும் மற்றொரு கதையும் படத்தில் உண்டு. முன்னாள் மாணவனொருவன் விபத்தில் மாண்டான் என்று வகுப்பிற் கண்ணீர் வடிக்கிறார். உண்மையில் அவன் மனம் நொந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டவன். கொடுமையினால் உருவான மேதையை எண்ணிப் பெருமிதம் கொள்வோர், அதே கொடுமையினால் அழிந்தோரை ஏன் எண்ணுவதில்லை? அழிந்தவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்ல முடியாதல்லவா!

இறுதிக் காட்சியில் ஆண்ட்ரூவின் மேளம் அரங்கையே அதிரவைக்கின்றது. ஆசிரியர் முகத்திலும் புன்னகை அரும்புகின்றது. ஆனால் கதவோரம் நின்று பார்க்கும் தந்தையின் கண்களிலோ மலைப்பும் அச்சமும் கலந்திருக்கின்றன. அது வெற்றியா, இழப்பா என்று படம் தீர்ப்புக் கூறவில்லை. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு. கண்டிப்பான ஆசான் பிழையைத் திருத்துகிறான். கொடிய ஆசானோ பிழைத்தவனையே முறித்துவிடுகிறான். பிள்ளைகளைக் கலை பயில அனுப்பும் பெற்றோர், அந்தத் தந்தையின் கண்களை ஒருமுறை நினைத்துக்கொள்வாராக.