நேரமில்லாத அப்பாவும் பாதி கச்சேரியும்

போன வாரம் முழுக்க என் ஹெட்போன்ல ஒரே பாட்டுதான். ‘கேட்ஸ் இன் தி கிரேடில்’. மகனோட விளையாட நேரமே இல்லாத ஒரு அப்பா. மகன் வளர்ந்ததும், அப்பாவைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை. அவ்வளவுதான் கதை. 1974 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த பாட்டு. பாடினவர் ஹாரி சேப்பின். அவர் மனைவி சாண்டி எழுதின கவிதையில இருந்து பிறந்தது.

விஷயம் என்னன்னா, ஹாரியும் வீட்டுல தங்கின ஆளில்லை. 1975-ல் பில் அயர்ஸோடு சேர்ந்து ‘வேர்ல்ட் ஹங்கர் இயர்’ அமைப்பைத் தொடங்கினார். அவர் பண்ணின கச்சேரிகளில் ஏறக்குறைய பாதி, நிதி திரட்டத்தான். ஆனா சோறு போட்டா மட்டும் பசி தீராது, அரசாங்கத்தோட கொள்கையும் மாறணும்னு நம்பினார். அதனால வாஷிங்டனுக்கும் விடாம அலைஞ்சார். அதிபர் கார்ட்டர் உலகப் பசி பற்றி ஆராய ஆணையம் அமைத்தபோது, அதில் இவரும் ஒரு உறுப்பினர்.

1981 ஜூலை 16. அன்னைக்கு சாயங்காலம் ஐசனோவர் பூங்காவில் ஒரு இலவசக் கச்சேரி பாட வேண்டியவர், லாங் ஐலண்ட் நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்துபோனார். வயசு 38.

அவர் ஆரம்பிச்ச ‘லாங் ஐலண்ட் கேர்ஸ்’ உணவு வங்கி இன்னைக்கும் நடக்குது. ஊர்ப் பசிக்கு ஓடினவர், வீட்டுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் வச்சிருப்பார்? அந்தப் பாட்டை ஒவ்வொரு மேடையிலயும் பாடும்போது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

எனக்குப் பதில் தெரியலை. பாட்டு முடிஞ்சதும் அப்பாவுக்கு போன் போட்டேன்.