ஹெல்சிங்கி மாணவரின் ஆய்வேடு



பல்கலைக்கழகப் படிப்பின் இறுதியில் எழுதப்பெறும் ஆய்வேட்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். உங்களுள் பள்ளியில் பயில்வோர்க்கு அது தொலைவில் உள்ள பொருள். கல்லூரியில் பயில்வோர்க்கோ அண்மையில் வந்து நின்று அச்சுறுத்தும் பொருள். கணிப்பொறியியல் மாணவர்க்கு அவ்வச்சம் இன்னும் சற்று மிகுதி. அதற்குக் காரணம் உண்டு. வரலாறு பயில்பவருக்கு எழுதுவதே பணி. கணிப்பொறி மாணவரோ நிரல் இயற்றுவதே தம் பணி என்று கருதுகிறார். நிரல் ஓடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பது அவர் எண்ணம். அதன் பிறகு, ‘நீ செய்ததைப் பற்றி ஒரு நூலளவு எழுதிக் கொடு’ என்று துறை கேட்கும்போது, அது அவருக்குத் தண்டனை போலத் தோன்றுகிறது. இடையே நல்ல ஊதியத்தோடு வேலையும் வந்துவிட்டாலோ, பாதி எழுதிய ஆய்வேடு அலமாரியில் உறங்கத் தொடங்கிவிடும். அவ்வாறு உறங்குவன எத்துணையோ!

உறங்கவிடாமல் முடிக்கப்பெற்ற ஓர் ஆய்வேட்டின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அதனை எழுதியவர் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த லினஸ் டார்வால்ட்ஸ். லினக்ஸ் என்னும் பெயரைக் கேள்விப்படாதவர் உங்களில் மிகச் சிலரே இருப்பர். கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை நிரலே இயங்குதளம் எனப்படும். அத்தகைய ஓர் இயங்குதளத்தின் கருவே லினக்ஸ். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசியின் உள்ளேயும் அதுதான் இருக்கிறது. அதனை அவர் தொடங்கிய ஆண்டு 1991. அப்போது அகவை இருபத்தொன்று. முதுநிலைப் பட்டத்திற்குரிய ஆய்வேட்டை முடித்த ஆண்டோ 1997. உலகப் புகழ் வந்துகொண்டிருந்தது, பட்டம் வரவில்லை. இந்த இடைவெளியே நாம் நோக்க வேண்டியது.

அவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1988-இல். அக்காலத்தில் அந்நாட்டு அறிவியல் மாணவர் நேரே முதுநிலைப் பட்டத்தையே இலக்காகக் கொண்டு சேர்வர். கல்விக் கட்டணம் இல்லை. மாணவர் உணவகங்களில் அரசின் உதவியால் குறைந்த விலையில் உணவு கிடைக்கும். ஆகவே, விரைந்து முடித்து வெளியேற வேண்டும் என்னும் நெருக்கடி குறைவு. முடிக்காமல் ஆண்டுகளைக் கடத்துவோரும் அங்கே உண்டு. வசதி ஒருவரை முடிக்கச் செய்வதில்லை, வறுமையும் செய்வதில்லை. இஃது என் நெடுநாளைய ஆசிரியப் பணியில் நான் கண்டது.

முதலாண்டுக்குப் பின் கட்டாயப் படைப்பணிக்காக ஏறத்தாழ ஓராண்டு அவர் படிப்பை விட்டு விலகியிருக்க நேர்ந்தது. அதற்கு அடுத்த கோடையில் ஒரு பாடநூலைக் கையில் எடுத்தார். இயங்குதளங்களின் அமைப்பைப் பற்றி ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் எழுதி 1987-இல் வெளிவந்த நூல் அது. கற்பிப்பதற்கென்றே அப்பேராசிரியர் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளம் ஒன்றையும் இயற்றியிருந்தார். இந்தப் பேராசிரியரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வருவார்.

1990-ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் பல்கலைக்கழகத்தில் யூனிக்ஸ் பாடம் தொடங்கிற்று. துறையிலிருந்த அந்தக் கணிப்பொறியை ஒரே நேரத்தில் பதினாறு பேர் மட்டுமே பயன்படுத்தலாம். ஆகவே முனையத்திற்கு முன் வரிசையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எந்நாட்டு மாணவர்க்கும் உவப்பானதன்று. வீட்டிலிருந்தே அப்பொறியோடு தொடர்பு கொள்ள முடியாதா என்னும் எண்ணம் அங்கேதான் முளைத்தது. 1991 சனவரித் தொடக்கத்தில், மாணவர் கடனையும் தவணை முறையையும் துணைக்கொண்டு, இன்டெல் 386 வகைக் கணிப்பொறி ஒன்றை வாங்கினார். அதன் நினைவகம் நான்கு மெகாபைட்டு. இன்று உங்கள் தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அந்த அளவு இருக்கும்.

தாயோடும் தங்கையோடும் வாழ்ந்த சிறு வீட்டில், சன்னலுக்குத் தடித்த திரையிட்டு, அவர் வேலை செய்தார். திரை இல்லாவிடினும் பெரிய வேறுபாடு இராது. திசம்பரில் ஹெல்சிங்கியில் பகற்பொழுது ஆறு மணி நேரத்திற்கும் குறைவு. முதலில் அவர் இயற்றியது இயங்குதளம் அன்று. இரண்டு சிறு செயல்களை மாறி மாறி இயக்கும் நிரல் அது. ஒன்று திரையில் ‘ஏ’ என்னும் எழுத்தை வரிசையாக இடும். மற்றொன்று ‘பி’ என்னும் எழுத்தை இடும். பின்னர் ஒரு செயல் விசைப்பலகையிலிருந்து தொலைபேசிக் கம்பிக்கும், மற்றொன்று கம்பியிலிருந்து திரைக்கும் எழுத்துகளைக் கொண்டு சென்றன. வரிசையில் நிற்காமல் பல்கலைக்கழகப் பொறியை அடையும் வழி கிடைத்துவிட்டது. அதில் கோப்புகளைச் சேமிக்கும் வசதியை இணைக்கப் புகுந்தபோதுதான் சிறு நிரல் இயங்குதளமாக வளரத் தொடங்கிற்று.

ஒருநாள் தொலைபேசிக் கம்பிக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைக் கைதவறி வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்த மினிக்ஸ் சிதைந்துபோயிற்று. மீண்டும் மினிக்ஸை நிறுவுவதா, தம் சொந்தப் படைப்பையே நம்புவதா என்று எண்ணிப் பின்னதையே தேர்ந்தார். இதனை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1991 ஆகஸ்டு 25 அன்று மினிக்ஸ் பயன்படுத்துவோர்க்குத் தம் முயற்சியை அறிவித்தார். அவ்வறிவிப்பில், இது வேறு வகைக் கணிப்பொறிகளில் இயங்காது என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். தம்மிடமிருந்த ஒரே பொறியின் தனித்த இயல்புகளை அறிந்து பயன்படுத்துவதே அவர் நோக்கமாக இருந்தது. ஒரே ஒரு கணிப்பொறியை உடைய மாணவர் வேறு எதைத்தான் செய்திருக்க முடியும்?

1992 சனவரி இறுதியில் பேராசிரியர் டானன்பாம் வெளிப்படையாகக் கடிந்து எழுதினார். அவர் கூறிய குறைகளில் தலையாயவை இரண்டு. இயங்குதளம் முழுவதையும் ஒரே பிழம்பாக அமைப்பது பழைமையான முறை என்பது ஒன்று. ஒரே வகைப் பொறியோடு அதனைப் பிணைத்துவிட்டது தவறு என்பது மற்றொன்று. விவாதம் வளர்ந்தபோது, இவர் தம் மாணவராக இராதது நல்லூழ் என்றும், இத்தகைய அமைப்புக்குத் தம்மிடம் உயர்ந்த மதிப்பெண் கிட்டாது என்றும் பொருள்பட எழுதினார். எவருடைய நூலைப் படித்து ஒருவர் இத்துறைக்கு வந்தாரோ அவரே இவ்வாறு எழுதினால் எப்படியிருக்கும்! இளைஞர் சினந்து மறுமொழி எழுதினார். அடுத்த நாளே, தம் சொற்கள் கடுமையாகிவிட்டன என்று வருத்தமும் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்தது மொழியின் கடுமைக்காக. கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையே அன்றாட வாழ்க்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது. பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுவோர் சிறுபான்மையினர். இவரும் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டு கணிப்பொறியியலில் சேர்ந்த சுவீடிய மொழியினர் இவரும் லார்ஸ் விர்செனியஸ் என்பவரும் ஆகிய இருவரே. அறிவியல் பயிலும் சுவீடிய மொழி மாணவர்க்கென ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் சங்கம் உண்டு. நீராவிக் குளியலும் அரட்டையும் பாட்டும் அங்கேதான். கூச்ச இயல்புடைய இந்த இளைஞர்க்கு அச்சங்கம் பெரிய துணை. தம் நிரலுக்குப் பணம் வேண்டாம், ஊர்ப்படம் உள்ள அஞ்சலட்டை அனுப்பினால் போதும் என்று அறிவித்திருந்தார். பல நாடுகளிலிருந்தும் அட்டைகள் வந்தன. அண்ணனை எந்நேரமும் பொறிமுன் கண்டு சலித்திருந்த தங்கை அப்போதுதான் வியந்தாளாம். பயன்படுத்துவோர் சிலர் பணம் திரட்டி, கணிப்பொறிக்கான கடன் பாக்கியைத் தீர்த்தும் வைத்தனர்.

துறையில் அவருக்குத் துணையாசிரியர் பணி கிடைத்தது. 1993-இல் தொடக்க வகுப்பு மாணவர்க்கு, ‘எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புக’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். பிறர் கடமைக்கு இரண்டொரு வரி எழுதினர். ஒரு மாணவி மட்டும், தம்மோடு வெளியே உலாவ வருமாறு அழைத்து எழுதினார். அவரே பின்னர் வாழ்க்கைத் துணைவியானார். வீட்டுப்பாடம் திருத்துவதில் இத்தகைய பயனும் உண்டு என்பதை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை!

1994 மார்ச்சு மாதத்தில் லினக்ஸின் முதலாம் முழுப் பதிப்பு பல்கலைக்கழகத்திலேயே வெளியிடப்பெற்றது. இரண்டு மாதங்களுக்குப் பின், டிஜிட்டல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஹால் என்பவர் அமெரிக்காவில் இவரைச் சந்தித்தார். அந்நிறுவனத்தின் ஆல்ஃபா வகைக் கணிப்பொறி ஒன்று ஹெல்சிங்கிக்கு வந்து சேர அவர் ஏற்பாடு செய்தார். இப்போது மாணவரிடம் இயல்பால் முற்றிலும் வேறுபட்ட இரண்டாவது பொறி இருந்தது. 386 பொறி எண்களை முப்பத்திரண்டு பிட்டுகளாகக் கையாளும்; ஆல்ஃபா அறுபத்துநான்காகக் கையாளும். 386-இல் எழுதியதை ஆல்ஃபாவுக்கு ஏற்பத் தனியே படியெடுத்துத் திருத்திக்கொள்வது எளிய வழி. ஆனால் பிறகு இரண்டு படிகளும் இரண்டு வழியில் போகும். ஒரே மூலம் இரண்டிலும் இயங்க வேண்டுமானால் மூலத்தையே புதுக்கி அமைக்க வேண்டும். அவர் அரிய வழியையே மேற்கொண்டார்.

இஃது எங்ஙனம் இயலும்? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். நிரல் ஒன்று நினைவகத்தில் ஓரிடத்தைக் கேட்கும்போது, அவ்விடம் உண்மையில் எங்குள்ளது என்பதைக் கணிப்பொறி அட்டவணைகளைப் பார்த்தே கண்டறிகிறது. 386 பொறியில் அவ்வட்டவணைகள் இரண்டு அடுக்கு. ஆல்ஃபாவில் மூன்று அடுக்கு. மாவட்டம், வட்டம், ஊர் என்று மூன்று வரியில் முகவரி எழுதுவோம் அல்லவா? வட்டம் என்னும் பிரிவே இல்லாத நாடொன்று இருந்தால் அங்கே நடுவரிக்கு வேலை இல்லை. லினக்ஸில் அவர் கொண்ட முறை இதுவே: எல்லாப் பொறிகளுக்கும் மூன்று அடுக்கு உண்டு என்றே பொதுமூலம் எழுதப்பெறும். இரண்டே அடுக்குள்ள பொறியில் நடு அடுக்கு பெயரளவில் மட்டும் இருந்து, பொறிமொழிக்கு மாற்றும்போது மறைந்துவிடும். அதனால் காலமும் வீணாவதில்லை. மூலமும் ஒன்றாகவே நிற்கிறது. 1995-இலும் 1996-இலும் வெளிவந்த பதிப்புகளில் இந்த உழைப்பின் பயன் உலகுக்குக் கிட்டிற்று.

இனி ஆய்வேட்டுக்கு வருவோம். லினக்ஸைப் பற்றி அவர் எழுதக்கூடியவை ஏராளம். உலகெங்குமுள்ள அன்பர்கள் கூடி உழைத்த கதையை எழுதியிருக்கலாம். தொடக்கம் முதல் எல்லாவற்றையும் எழுதியிருக்கலாம். அவ்வாறு புகுந்திருந்தால் ஆய்வேடு முடிந்திராது என்பது என் துணிபு. எல்லாவற்றையும் சொல்லப் புகும் மாணவர் எதையும் முடிப்பதில்லை. அவர் ஒன்றை மட்டும் எடுத்தார். ‘லினக்ஸ்: பல பொறிகளுக்கும் பெயர்த்துக் கொண்டுசெல்லத்தக்க இயங்குதளம்’ என்பது ஆய்வேட்டுத் தலைப்பின் பொருள். 1991-இல் ‘இது இயலாது’ என்று தாமே எழுதியதும், 1992-இல் பேராசிரியர் குறையெனச் சுட்டியதும் எதுவோ, அதுவே 1997-இல் ஆய்வுப்பொருள் ஆயிற்று. கடிந்துரையை நெஞ்சில் வைத்துத்தான் அவர் இதனைத் தேர்ந்தார் என்று நான் கூறவரவில்லை. ஆல்ஃபா பொறி வந்ததும், கைவேலை அத்திசையில் சென்றதுமே போதிய காரணங்கள். ஆயினும், இயலாது என்று எழுதப்பட்டதற்கும் இயன்றது எனக் காட்டப்பட்டதற்கும் இடையே நின்று எழுதுபவர்க்குச் சொல்ல ஏதேனும் இருக்கும். வெறும் வெற்றியை விவரிப்பவர்க்கு அது கிடைப்பதில்லை.

பின்லாந்துப் பல்கலைக்கழகங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. ஆய்வேட்டோடு ‘முதிர்ச்சித் தேர்வு’ என ஒன்று வைப்பர். அக்காலத்தில் மாணவர் தேர்வுக்கூடத்தில் அமர்ந்து, தம் ஆய்வுப்பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வரைய வேண்டியிருந்தது. பொருளறிவோடு, பின்னிய மொழியிலோ சுவீடிய மொழியிலோ, பள்ளிக்கல்வி பெற்ற மொழியில் பிழையற எழுதும் திறனும் நோக்கப்படும். ஆய்வேட்டைப் பிறமொழியில் எழுதுவோரும் உண்டு. டார்வால்ட்ஸ் எழுதியது ஆங்கிலத்தில். கணிப்பொறியியல் பயில்பவரானாலும் தம் மொழியில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டார் கொள்கை. அங்கே மொத்த மக்கள்தொகையே ஐம்பத்தைந்து இலட்சத்தையொட்டியதுதான் என்பதையும் உடன் எண்ணிப் பாருங்கள்.

1996-ஆம் ஆண்டின் இறுதி அவருக்கு எத்தகைய காலம்! கலிபோர்னியாவில் டிரான்ஸ்மெட்டா என்னும் நிறுவனத்தில் பணி காத்திருந்தது. திசம்பரில் முதற் குழந்தை பிறந்தது. வீட்டைக் காலி செய்து கடல் கடந்து செல்ல வேண்டும். இவற்றுக்கு நடுவே ஆய்வேடு எஞ்சி நின்றது. அந்நிறுவனம் அவரை நாடியது பட்டத்தை நோக்கியன்று. எழுதாமலே சென்றிருந்தாலும் உலகம் அவரைக் குறைவாக மதித்திராது. எனினும் 1997 சனவரியில் அதனை முடித்துக் கொடுத்தார்; பிப்ரவரியில் குடும்பத்தோடு புறப்பட்டார். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் எட்டாண்டுகளுக்கும் மேல்.

அந்த மூன்று அடுக்கு அட்டவணை பின்னர் போதாமற்போயிற்று. நினைவகங்கள் பெருகவே, 2005-இல் அது நான்கு அடுக்காயிற்று. 2017-இல் ஐந்தடுக்குக்கும் வழி செய்யப்பெற்றது. நடு அடுக்கை மடித்து மறைக்கும் உத்தி மட்டும் தொடர்ந்தது. பேராசிரியர் கூறிய இரண்டு குறைகளுள் மற்றொன்று, அஃதாவது ஒரே பிழம்பாக அமைப்பது தவறு என்பது, தீராமலே நின்றது. லினக்ஸ் அவ்வாறேதான் வளர்ந்தது. 2006-இல் இருவரிடையே அவ்விவாதம் மீண்டும் எழுந்தபோதும், ஆசிரியரும் அவர் நூலைப் படித்து வந்தவரும் தத்தம் நிலையிலேயே நின்றனர்.