வட்டுக்குள் எத்தனை பைட்?
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சில ஆண்டுகளுக்கு முன், நம் விழாவைப் படம் பிடித்துச் சேமிக்க ஒரு டிவிடி வட்டு வாங்கினோம். உறையில் 4.7 கிகாபைட் என்று இருந்தது. கணினியோ 4.37 என்று காட்டியது. அருகில் இருந்த ஒரு தகப்பனார், "சார், கடைக்காரன் நம்மள ஏமாத்திட்டான்! வாங்க, போய்க் கேட்போம்" என்று கிளம்பிவிட்டார். நிறுவையில் குறைந்தால் கூலியில் குறையும் என்று அறிந்தவர் அவர். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்த பிறகல்லவா சண்டைக்குப் போக வேண்டும்?

கணினிக்குத் தெரிந்த எண்கள் இரண்டே: 0, 1. அந்த ஓர் இலக்கம்தான் பிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்று எழுத 15 பைட், அதாவது 120 பிட் வேண்டும்.

வட்டுச் செய்தவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். அவர்களுக்கு 4.7 கிகாபைட் என்றால் 4,700,000,000 பைட். அதை 8 ஆல் பெருக்கினால் 37,600,000,000 பிட். கணினியில் உள்ள விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. இரண்டைப் பத்து முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண் அது. 4,700,000,000-ஐ 1,024 ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 4.37 சொச்சம் வரும். இந்த இரண்டாவது அளவுக்கு 1998இல் 'கிபிபைட்' என்று தனிப்பெயரே வைத்தார்கள். ஆனாலும் விண்டோஸ் பழைய பெயரையே போடுகிறது. குழப்பம் அங்கேதான்!

பெரியோர்களே, 10 கிலோ பாலை ராத்தலில் நிறுத்தால் ஏறக்குறைய 22 வரும். பால் கூடிவிட்டதா? இல்லை. படிக்கல்தான் வேறு. வட்டிலும் ஒரு பைட்கூடக் குறையவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 80 நிமிடக் குறுந்தட்டில் 360,000 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 2,048 பைட். மொத்தம் 737,280,000 பைட். அதன்மேல் 700 மெகாபைட் என்று போட்டிருப்பது 1,024 கணக்கு! ஆகவே பெயரை மட்டும் நம்பாதீர்கள், பைட்டாக்கிப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. நம் பழைய விழா வட்டுகள் ஆறும் கீறல் விழுந்து போவதற்குள் 32 கிகாபைட் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் 4.7 நிரம்பியிருந்தாலும் இடம் போதுமா? பெருக்கிப் பார்த்து, வீட்டில் அப்பா அம்மாவுக்கு விளக்குங்கள்.

அந்தத் தகப்பனார் கணக்கைப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை சார், வீணா ஒருத்தர திட்டியிருப்பேன்" என்றார். கணக்குத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. அவனும் பிறர்மேல் வீண்பழி போடமாட்டான். இதற்காகத்தான் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புங்கள் என்கிறோம்.