முதல் பிடி



திருவண்ணாமலையில் குடியிருப்பவர்களுக்குக் கட்டுப்பாடு என்பது புதிய சங்கதி இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். அவர்களில் பலர் காலில் செருப்புகூடப் போடுவதில்லை. கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று இருக்கிற பெண்கள் தெருவுக்குத் தெரு உண்டு. இதே ஊரில்தான் டேனிஷ் மிஷன் பள்ளியும் இருக்கிறது, ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் ஆலயமணியும் ஒலிக்கிறது. பக்கத்து வீட்டார் விரதம் இருப்பதைப் பார்த்து வளர்ந்த கிறிஸ்தவப் பெண்கள் நாங்கள். எங்களுக்கு லெந்து நாட்கள் உண்டு. சாம்பல் புதனில் தொடங்கி உயிர்த்தெழுந்த பண்டிகைவரை 40 நாள் உபவாசமும் ஜெபமுமாகப் போகும்.

ஆனால் லெந்துக்கு முடிவு நாள் என்று ஒன்று இருக்கிறது. அடுப்பங்கரைக்கு அப்படி எதுவும் கிடையாது. பண்டிகை முடிந்த மறுநாள் காலையிலும் தண்ணீர் பிடிக்க வேண்டும், டிபன் கட்ட வேண்டும், பிள்ளையின் ஒரு கால் சாக்ஸைத் தேட வேண்டும். அந்தக் காலையில் மனதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது? ஒரு மனைவியாக, ஒரு தாயாக அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பிடி அரிசி என்போம். உலைக்கு அரிசி அளந்தவுடன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். பானை நிறைந்ததும் அது ஆலயத்துக்குக் காணிக்கையாகப் போகும். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைக்கச் சொன்னவர்தான்.

மிசோரமில் இதே வழக்கத்தைத் திருச்சபைப் பெண்கள் 1910-ல் தொடங்கினார்கள். பணப்புழக்கமே அதிகம் இல்லாத மலைக்கிராமங்கள் அவை. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி, அவ்வளவுதான். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கை நிற்கவில்லை. இன்று அந்த அரிசி வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரண்டு ஊழியங்களைத் தாங்குகிறது.

இந்த வழக்கம் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்று யோசித்திருக்கிறேன். மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, எடுப்பது சமைப்பதற்கு முன்னால். சாப்பிட்டு மிஞ்சினால் எடுத்து வைக்கலாம் என்றிருந்தால் ஒரு நாளும் மிஞ்சியிருக்காது. இரண்டு, அளவு சிறியது. வீட்டில் யாருக்கும் வயிறு குறையாது. மூன்று, எடுக்கிறவளுக்கு அதில் பெருமையடிக்க ஒன்றும் இல்லை, அது போய்ச் சேருவது இன்னொருவருக்கு. அன்றாட வாழ்க்கையின் சுயகட்டுப்பாடு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் நம்பிக்கை.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். வேலையெல்லாம் முடித்துவிட்டு வேதம் வாசிக்கலாம் என்று நினைத்தால், வேலை முடிகிற நேரத்தில் கண் சொருகும். அதனால் நாளின் முதல் கால் மணி நேரத்தைப் பிரித்து வைத்துவிட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் கைப்பேசி தொடக்கூடாது. தொட்டால் முதலில் வாட்ஸ்அப், பிறகு யாரோ போட்ட வீடியோ, அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும்.

பேச்சுக்கும் இதுவே வழி. பிள்ளை பாலைக் கொட்டிவிட்ட பிறகு பொறுமையைத் தேடினால் கிடைக்காது. இன்று குரலை உயர்த்துவதில்லை என்று காலையிலேயே எடுத்து வைத்திருந்தால், அந்த நேரத்துக்கு ஒரு மூச்சு அவகாசமாவது கிடைக்கும். நாவைக் காக்காதவன் படும் பாட்டை வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் சொல்கிறார். யாக்கோபு தம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவை ஒரு சிறு நெருப்புக்கு ஒப்பிடுகிறார். வெவ்வேறு காலம், வெவ்வேறு நாடு, ஆனால் இருவரும் பயந்தது ஒரே உறுப்புக்குத்தான். கணவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு குத்தல் பேச்சும் பிடி அரிசிதான். எடுத்து வைத்தது அவருக்குத் தெரியாது, பலன் மட்டும் வீடு முழுவதுக்கும் சேரும்.

இப்படி முன்னதாகவே நேரத்தைப் பிரித்து வைத்த தாய்மார்கள் உண்டு. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற ஒரு தாய் இருந்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா. 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் 9 பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். கணவர் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1709-ல் வீடும் எரிந்து போனது. அதற்குப் பிறகு அந்தத் தாய் ஓர் ஒழுங்கு செய்துகொண்டார்: வாரத்தில் ஒரு மாலை, ஒரு பிள்ளையோடு மட்டும் தனியாக உட்கார்ந்து பேசுவது. ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமையை ஜான் மறக்கவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அன்னா சத்தியநாதன். நெல்லைச் சீமையின் போதகர் ஜான் தேவசகாயத்தின் மகள், போதகர் சத்தியநாதனின் மனைவி. குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியே வராத பெண்களைத் தேடிப் போய் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். வேளையை ஒழுங்கு செய்யத் தெரியாத ஒரு தாயால் இது முடிந்திருக்குமா?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாடு என்ற பெயரில் தன்னை வதைத்துக்கொள்வது பக்தி ஆகாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது, காய்ச்சலோடு துணி துவைப்பது, வாங்குகிற அடியையும் திட்டையும் பொறுமை என்று சொல்லி மூடிவைப்பது, இவற்றை ஆண்டவர் கேட்கவில்லை. லெந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் புதனிலிருந்து பண்டிகைக்கு முந்தின நாள்வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40. கடுமையான தவசு நாட்களுக்குள்ளேயே ஓய்வை வைத்துத்தான் நம் முன்னோர் கணக்குப் போட்டார்கள். அம்மாவுக்கும் ஒரு ஞாயிறு வேண்டும். அன்றைக்கு அடுப்பைக் கணவரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டால் அதுவும் அவர்களுக்கு நல்ல பயிற்சி.

பவுல் அப்போஸ்தலர் கலாத்தியருக்கு எழுதும்போது ஆவியின் கனியாக ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பு முதலில் வருகிறது, இச்சையடக்கம் கடைசியில். அன்பில் தொடங்காத அடக்கம் விறைப்பாக இருக்கும், வீட்டில் இருப்பவர்களையும் விரட்டும். அன்பிலிருந்து வந்தால் அதே அடக்கம் பிள்ளைகளுக்கு நிழலாக இருக்கும். நம் சொந்த பலத்தால் மட்டும் வருவதும் இல்லை அது. ஜெபத்தில் கேட்டு வாங்க வேண்டியது.

அன்புச் சகோதரிகளே, பத்துத் தீர்மானம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்ட வேண்டாம். நாளைக் காலையில் ஒன்றே ஒன்றை எடுத்து வையுங்கள். கால் மணி நேரமோ, ஒரு கடுஞ்சொல்லோ, கடையில் வாங்காமல் விட்ட ஒரு பொருளின் விலையோ, எதுவானாலும் சரி. முதலிலேயே எடுங்கள், சிறிதாக எடுங்கள், இன்னொருவருக்காக எடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.