வீடு தேடி வந்த அலுவலகம்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'வீட்டிலிருந்தே வேலை' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளார்கள். இது கணினி படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. இங்கே வீற்றிருக்கும் எத்தனையோ குடும்பங்களில் மகனோ, மகளோ, மருமகளோ மடிக்கணினியின் முன் அமர்ந்துதான் சம்பாதிக்கிறார்கள். அவர்கள் அமர்ந்திருக்கும் இடம் அக்குடும்பத்தின் கூடம். ஆகவே குடும்பம் முழுவதும் கூடிப் பேசவேண்டிய பொருள் இது.

2020 மார்ச் வரை நம் பிள்ளைகளின் காலைப் பொழுது எப்படி இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். குமணன்சாவடியில் பேருந்துக்குக் காத்து நின்று, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர் என்று ஊர்ந்து, இராமாபுரத்திலும் தரமணியிலும் உள்ள பெருங்கட்டடங்களுக்குப் போய்ச் சேருவார்கள். மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. சாலை வெறிச்சோடியது, அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையும், வீட்டிலிருந்து பணியாற்றுவதற்குத் தடையாக இருந்த விதிகள் பலவற்றைத் தளர்த்திற்று.

அது நிலைத்ததா? டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், 2025-ஆம் ஆண்டுக்குள் ஊழியர்களில் நூற்றுக்கு 25 பேர் அலுவலகம் வந்தால் போதும் என்று 2020-இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் 5 நாளும் வரவேண்டும் என்றது. வேறு பல நிறுவனங்கள் வாரத்தில் 2 நாள், 3 நாள் என்று நடுவழி கண்டுள்ளன. எப்படியாயினும், வீட்டுக்குள் வந்த வேலை முழுவதுமாக வெளியே போய்விடவில்லை.

ஆவடி டாங்க் தொழிற்சாலையில் உழைக்கும் சகோதரருக்கும், மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரிக்கும் இந்த வாய்ப்பே கிடையாது. ஆகையால் அவர்களுக்கு ஒருவித மனத்தாங்கல் உண்டு: "உங்களுக்கென்ன, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தே சம்பளம்!" இந்த எண்ணம் பற்றியே சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன்.

வீட்டில் வேலை செய்வது நமக்குப் புதிதா? நம் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் காஞ்சிபுரம். அங்கே தலைமுறை தலைமுறையாக வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதானே! தறிக்குழியில் காலை இறக்கி நெசவாளர் அமர்ந்துவிட்டால், அவர் வேலையில் இருக்கிறார் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். தறிக்கு வீட்டில் ஓர் இடம் உண்டு; தறிச் சத்தம் தெருவுக்கே கேட்கும். மடிக்கணினிக்கு அந்த இடமும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. கட்டில்மேல் இருந்தாலும், சாப்பாட்டு மேசைமேல் இருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றும்.

இதில் அதிகம் துன்புறுகிறவர்கள் பெண்கள். மகன் கணினி முன் அமர்ந்தால், "சத்தம் போடாதே, அண்ணன் மீட்டிங்கில் இருக்கிறான்" என்கிறோம். மருமகள் அமர்ந்தால், "அம்மாடி, குக்கர் மூன்று விசில் வந்துவிட்டது, கொஞ்சம் நிறுத்திவிடு" என்கிறோம். கேஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் அவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவள். தறியிலும் இதே கதைதான்: தார் சுற்றிக் கொடுப்பவள் மனைவி, கூலி வருவது கணவன் பெயரில். பழைய அநீதி புதிய மேசைக்கு ஏறி வரவேண்டுமா? மாமியார்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமனார்மாருக்கும் குக்கரை நிறுத்தத் தெரியும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். திரையில் கூடும் கூட்டங்கள் இன்று மலிந்துவிட்டன. ஜூம் நிறுவனம் 2020 ஏப்ரலில், நாளொன்றுக்கு 30 கோடிப் பேர் தன்னைப் பயன்படுத்துவதாகக் கூறியது. பிறகு, அது ஆட்கணக்கு அன்று, கூட்டங்களில் கலந்துகொண்ட எண்ணிக்கை என்று திருத்திக்கொண்டது. ஒருவரே 5 கூட்டத்தில் அமர்ந்தால் ஐந்தாக எண்ணியிருக்கிறார்கள்! அந்த ஒருவரின் களைப்பை யார் எண்ணினார்கள்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். முகங்கள் மிக அருகில் தெரிவது, நம் முகத்தை நாமே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் அமர்ந்திருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை கூடுதலாக உழைப்பது ஆகியவற்றைக் காரணமாகக் காட்டினார். நம் முகம் நமக்குத் தெரியாமல் மறைத்துவைக்க வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். எழுதி முடிகிற காரியத்துக்குக் கூட்டம் கூட்டாதீர்கள்.

எழுதுவதிலும் ஒரு முறை வேண்டும். "சார், இருக்கிறீர்களா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது வாசல் கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பதைப் போன்றது. என்ன வேண்டும், எதற்காக, எப்போதைக்குள் என்று மூன்றையும் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். எதிரில் முகம் இல்லாதபோது எழுத்துத்தான் முகம். 'சரி' என்னும் ஒரு சொல்கூடக் கோபமாகப் படிக்கப்படும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. குடும்பம் ஒன்றுகூடும் வேளையில்தான் அவர்கள் கணினியைத் திறக்கிறார்கள். பகல் வேலையும் பார்த்து, அதன்மேல் இரவுக் கூட்டமும் என்றால் எந்த உடம்பு தாங்கும்? பணி நேரத்திற்குப் பின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் உண்டு. போர்ச்சுகல் 2022 முதல் முதலாளியே அந்நேரத்தில் தொடர்புகொள்ளக் கூடாது என்கிறது. நம் நாட்டில் சுப்ரியா சுலே மக்களவையில் 2018-இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை, இரவில் கூட்டம் உள்ள நாளில் காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை மேலாளரிடம் முன்னதாகவே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1973-இல், தொலைவிலிருந்து பணிபுரியும் முறைக்கு அமெரிக்காவில் பெயர் சூட்டியவர் ஜாக் நில்ஸ். அவர் நடத்திய முதற்சோதனையில் ஊழியர்கள் வீட்டில் அமரவில்லை. வீட்டருகே இருந்த சிறு அலுவலகங்களில் அமர்ந்தார்கள். நம் ஸ்ரீதர் வேம்பு அவர்களின் சோஹோ நிறுவனமும் 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்து, ஊரை விட்டுப் போகாமலே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்று காட்டியது. வீட்டிலும் இல்லாமல் தரமணியிலும் இல்லாமல், நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம்!

நம் பங்கில் ஓர் அறைப் போர்ஷனில் நான்கு பேர் வாழும் குடும்பங்கள் உண்டு. அங்கே நேர்முகத் தேர்வுக்குத் திரை முன் அமரும் பெண், பின்னால் துணி காயும் கொடியை மறைக்கப் படும் பாடு எனக்குத் தெரியும். நம் பங்கு மன்றமோ ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதன் ஒரு மூலையில் நான்கு மேசை, நல்ல இணைய இணைப்பு, மின்தடைக்கு ஓர் இன்வெர்ட்டர், காலை 8 முதல் இரவு 8 வரை பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் போதும். பயன்படுத்துவோர் மின்கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளட்டும். வேலை தேடுவோரிடம் வாங்கவேண்டாம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரலாம் என்று வைத்துக்கொள்வோம். மேசை நாற்காலி செய்து தரத் தச்சர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.