நீள முதுகு, குட்டைக் கால்



1972-ல் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்குச் சின்னமாக வைத்தது ஒரு நாயை. பெயர் வால்டி. கோடைக்கால ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வச் சின்னம் அதுதான். மாரத்தான் ஓடும் பாதையைக்கூட, வரைபடத்தில் பார்த்தால் வால்டியின் உருவம் தெரிகிற மாதிரி அமைத்தார்கள். நீண்ட உடம்பு, குட்டைக் கால், தொங்கும் காது. டாஷண்ட் என்று நாம் சொல்லும் அதே இனம்.

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கை, வளைக்குள்ளேயே புகுந்து மடக்க ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் பார்த்துப் பார்த்து உருவாக்கிய உடம்பு அது. இன்று சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் சோபாவுக்கு அடியில் புகுந்து பந்து தேடுகிறது. வேட்டை போய்விட்டது, அந்தக் குட்டைக் காலோடு சேர்ந்து வந்த முதுகுத் தொல்லை மட்டும் போகவில்லை.

கால் ஏன் குட்டை என்பதற்கு 2009-ல் விடை கிடைத்தது. எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று இந்த நாய்களிடம் இருக்கிறது. 2017-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், அதே மரபணுவின் இன்னொரு நகலை 12-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். முதுகைக் கெடுப்பது இந்த இரண்டாவது நகல். ஏறக்குறைய எல்லா டாஷண்டுகளிடமும் அது இருப்பதால், ‘இல்லாத நாயாகப் பார்த்து வளர்ப்போம்’ என்ற வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது.

முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவுக்கும் நடுவே ஒரு ஜவ்வு உண்டு. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே இளநுங்கு மாதிரி வழவழப்பான சதை. குதித்தாலும் வளைந்தாலும் அதிர்ச்சியை அந்த உள்சதை வாங்கிக்கொள்ளும். மற்ற நாய்களுக்கு வயதாகி நடப்பது டாஷண்டுக்கு முதல் பிறந்த நாளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது: உள்சதை நீர் வற்றி முற்றுகிறது, பிறகு அதில் சுண்ணாம்பும் படிகிறது. அப்புறம் ஒருநாள் வெளி வளையம் கிழிந்து, உள்ளே இருந்த கெட்டிப் பொருள் மேலே பீறிட்டுத் தண்டுவடத்தை மோதுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஐ.வி.டி.டி. என்கிறார்கள். நம் பேச்சில் ஜவ்வு விலகல்.

ஏறக்குறைய நான்கைந்து டாஷண்டுகளில் ஒன்று, வாழ்நாளில் ஒரு முறையாவது இதில் மாட்டுகிறது. மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள்தான் பெரும்பாலும். விலா எலும்பு முடிந்து இடுப்பு தொடங்கும் இடம்தான் அடிக்கடி அடிபடுவது.

முதல் அறிகுறி நடத்தையில் தெரியும். வாசல் மணி அடித்தால் குரைத்துக்கொண்டே பாய்கிற நாய், அன்று இருந்த இடத்திலிருந்தே குரைக்கும். தூக்கப் போனால் வீல் என்று கத்தும். முதுகு கூன் விழுந்திருக்கும், வயிறு கல்லாக இறுகியிருக்கும். இதை வயிற்று வலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுக்கும் வீடுகள் உண்டு. அடுத்த கட்டத்தில் பின்னங்கால் பின்னிக்கொள்ளும், நகம் தரையில் தேயும். அதற்கும் அடுத்தது, பின்பாதியை இழுத்துக்கொண்டு போவது. வலியில் தொடங்கி முடக்கம் வரை சில நாள் ஆகலாம். சில மணி நேரத்திலும் முடிந்துவிடலாம்.

மருத்துவர் நோயை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். வலி மட்டும் முதல் படி. தள்ளாட்டம் இரண்டு. காலில் அசைவு உண்டு, எழுந்து நடக்க முடியாது என்றால் மூன்று. அசைவே இல்லை என்றால் நான்கு. வலி உணர்ச்சியும் போய்விட்டால் ஐந்து. அதைக் கண்டறியும் சோதனையைப் பார்த்தால் மனது பதறும். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தமாகக் கிள்ளுவார். நாய் காலை இழுத்துக்கொண்டதும் வீட்டுக்காரர் ‘உணர்ச்சி இருக்கு டாக்டர்’ என்பார். மருத்துவர் பார்ப்பது காலை அல்ல, முகத்தை. கால் தானாக இழுத்துக்கொள்ள மூளை தேவையில்லை. நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? இவற்றில் ஏதாவது செய்தால், வலி மூளைவரை போய்ச் சேர்கிறது என்று பொருள். அப்படி உணர்ச்சி மிச்சமிருக்கும்போது அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்க்கு மேல் மறுபடி நடக்கிறது. உணர்ச்சி போன பிறகு செய்தால் பாதிக்குச் சற்று அதிகம்தான். ஆகவே கால் முடங்கிய நாயை ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று வைத்திருக்கக் கூடாது.

முதல் இரண்டு படியில் இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை கத்தி படாமலே தேறுகின்றன. அதற்கான மருந்து ஓய்வு. அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ வல்லுநர் அமைப்பு 2022-ல் வெளியிட்ட பரிந்துரை, குறைந்தது நான்கு வாரம் என்கிறது. நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் உள்ள கூண்டு. சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே, அதுவும் கயிற்றோடு. பின்பாதி தொய்ந்தால் ஒரு துண்டை நீளவாக்கில் மடித்து அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிப் பிடிக்கலாம்.

சோதனை மூன்றாம் நாள் வரும். வலி மருந்து வேலை செய்யும், நாய் வாலாட்டும், கூண்டைப் பிறாண்டும். பாவம், கொஞ்சம் ஓடட்டுமே என்று பாட்டி திறந்துவிடுவார். வலிதான் குறைந்திருக்கிறது, கிழிந்த வளையம் மூடியிருக்காது. அந்த ஒரு குதியில் மிச்சப் பொருளும் வெளியே வந்துவிடலாம். நமக்கு வாங்கி வைத்த ஐபுப்ரூஃபன் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது இன்னொரு ஆபத்து. வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் குடல் புண்ணாகி ஓட்டை விழவும் கூடும். ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது, ஏற்கெனவே போட்ட ஊசி என்ன என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

முடங்கிய நாய்க்கு இன்னொரு கவனிப்பும் வேண்டும். படுக்கை நனைந்திருக்கிறது, ஆகவே சிறுநீர் போகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். பல நேரம் அது நிரம்பி வழிவது. சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்திக் காலி செய்யும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்டு, ஒரு நாளில் பல முறை செய்ய வேண்டியிருக்கும்.

இதுவரை சொன்னது நோய் வந்த பிறகு. நல்ல உடம்போடு இருக்கும் டாஷண்டுக்கு விதி நேர் எதிர்: அதை நடக்க விட வேண்டும். பிரிட்டனில் 2015-ல் 2,000-க்கும் மேற்பட்ட டாஷண்டுகளைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பில், அதிகமாக உடற்பயிற்சி செய்த நாய்களுக்கு ஜவ்வுத் தொல்லை குறைவாகவே இருந்தது. பின்னர் வந்த ஓர் ஆய்வு, ஒரு வயதுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு ஆபத்து கூடுதல் என்றது. முதுகு கெட்டுவிடும் என்று பயந்து மடியிலேயே வைத்திருந்தால் தசை வலுவிழக்கும், எடை ஏறும். தயிர்சாதமும் மேரி பிஸ்கட்டும் ஆளுக்கொன்றாக ஊட்டுகிற வீட்டில் இது சீக்கிரமே நடக்கும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு.

வழுக்குகிற டைல்ஸ் தரையில் நாய் ஓடும் இடங்களில் பாய் விரிக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் வார், கழுத்து ஜவ்வுக்கு இதம். முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பாகத்துக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்திலிருந்து தானாகக் குதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். இத்தனையும் செய்த வீட்டிலும் நோய் வரலாம். தூங்கி எழும்போதே ஜவ்வு கிழிந்த நாய்கள் உண்டு.

பின்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளில் குட்டி போட வைக்கும் முன்பே வடிகட்டுகிறார்கள். இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த ஜவ்வுகளை எண்ணுகிறார்கள். ஐந்தோ அதற்கு மேலோ இருக்கும் நாயை இனவிருத்திக்கு விட வேண்டாம் என்பது அங்கே அறிவுரை. இந்தப் படிவு பெருமளவு பரம்பரையாக வருவதால், எண்ணிக்கை குறைந்த பெற்றோரின் குட்டிக்கு நோயிலிருந்து தப்பும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும். நம் ஊரில் குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய்க்கும் தந்தைக்கும் அப்படி எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று கேட்கலாம். இல்லை என்றால், தாத்தா பாட்டி நாய்கள் ஏழெட்டு வயதில் எப்படி நடக்கின்றன என்று போய்ப் பார்க்கலாம். குட்டி போட்ட தாய்க்கு இரண்டே வயது என்றால், அதன் முதுகு எப்படிப்பட்டது என்று தெரிய இன்னும் சில ஆண்டு ஆகும்.