கிணற்றுப் பங்கு எழுதாத உறுதி



சிறுபான்மைச் சமூகங்களின் பண்பாட்டுக்கும் கல்விக்கும் அரசியல் திட்டம் அளிக்கும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன், "இது அப்புக்காத்துமாரின் சங்கதி, நமக்கென்ன?" என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியவர்கள் எழுந்து போய்விடலாகாது. அரசியல் திட்டமும் ஓர் உறுதிதான். உறுதி வாசிப்பதிலே உங்களை வெல்லக்கூடிய அப்புக்காத்து இந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியொன்றை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் எழுதியதோடு நொத்தாரிசு பேனாவைக் கீழே வைத்துவிடுவதில்லை. கிணற்றிற் பங்கு, வழி, வாய்க்கால் உரிமை என்பவற்றையும் சேர்த்தே எழுதுகிறார். எல்லை, அயலவன் உள்ளே வராமல் தடுக்கும். தண்ணீரின்றிப் பயிர் வாடுவதைத் தடுக்காது. இலங்கை சுதந்திரம் பெற்றபோது நமக்குக் கிடைத்த உறுதியிலே எல்லை எழுதப்பட்டிருந்தது. கிணற்றுப் பங்கு எழுதப்படவில்லை.

சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவைத்தான் குறிப்பிடுகிறேன். ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தையும், மற்றவர்களுக்கில்லாத சலுகையை வழங்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் ஆக்கலாகாது. ஆக்கினால் அந்த அளவுக்கு அது செல்லுபடியாகாது என்று அப்பிரிவு கூறிற்று. மதச் சுதந்திரத்துக்கும் மத நிறுவனங்களுக்கும் அதில் இடமிருந்தது. பாஷை என்ற சொல் இல்லை. பள்ளிக்கூடம் என்ற சொல்லும் இல்லை.

முதற் சோதனை விரைவிலேயே வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழர் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. கொடக்கன்பிள்ளை என்பவர் 29ஆம் பிரிவை நம்பி வழக்காடினார். தனது பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்றும், அச்சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறித்து ஆக்கப்பட்டவையல்ல என்றும் 1953இல் பிரிவிக் கவுன்சில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகத்திலே சமூகத்தின் பெயரைத் தேடினார்கள், காணவில்லை. அதன் விளைவு யார் தலையில் விழுந்தது என்பதைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில் விசாரித்திருந்தால் ஒரு நாளிலே அறிந்திருக்கலாம்.

அடுத்த வழக்கைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அரசாங்க லிகிதர் சேவையில் இருந்த கோடீஸ்வரன் என்பவர் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1961 டிசம்பரில் வெளியான திறைசேரிச் சுற்றுநிருபத்தின்படி, 1962 ஏப்ரலில் அவருக்குச் சேர வேண்டிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. தொகை பெரிதன்று. ஆனால் அவர் கேட்ட கேள்வி பெரிது. சுற்றுநிருபத்துக்கு ஆதாரமான 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதல்லவா என்று கேட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர், ஆம், முரணானதே என்று தீர்ப்பளித்தார்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்வியைத் தொடவேயில்லை. அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்காட முடியாது என்று கூறித் தள்ளிவிட்டது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் என்று கூறியதோடு, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை விசாரிக்குமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதன்பின் நடந்தது என்ன? 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 மே மாதத்தில் வந்த குடியரசு அரசியல் திட்டத்தில் 29ஆம் பிரிவே இல்லை. சட்டமாக இருந்த சிங்கள அரசகரும மொழி ஏற்பாடு அரசியல் திட்டத்துக்குள்ளேயே ஏற்றிவைக்கப்பட்டது. கோடீஸ்வரனின் கேள்விக்கு இன்றுவரை எந்த மேல் நீதிமன்றமும் விடையளிக்கவில்லை. வேலி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே எதிராளி உறுதியை மாற்றி எழுதுவித்ததற்கு ஒப்பானது இது. நம் ஊரில் எத்தனையோ வேலி வழக்குகளைக் கண்டிருக்கிறோம். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இனி, கல்வி. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்தனர், வரவேற்றோரும் பலர். அதன் நன்மை தீமையை இங்கே நிறுக்க நான் வரவில்லை. ஒரு சமூகம் தன் பணத்திலும் உழைப்பிலும் கட்டிய பள்ளிக்கூடத்தைத் தானே நடத்தும் உரிமை பற்றி நமது உறுதியில் ஒரு வரியாவது இருந்ததா என்பதே என் கேள்வி.

அயல்நாட்டில் அந்த வரி இருந்தது. இந்திய அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை, மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினரான எல்லோருக்கும், தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. சிறுபான்மையினர் நடத்துவது என்ற காரணத்துக்காக அரசு நன்கொடையில் பாகுபாடு காட்டலாகாது என்றும் கூறுகிறது. 1957இல் கேரள அரசு ஒரு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, ஜனாதிபதி அதனை உச்ச நீதிமன்றத்தின் அபிப்பிராயத்துக்கு அனுப்பினார். 1958இல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: நன்கொடை வேண்டுமானால் உரிமையை விட்டுக்கொடு என்று அரசு பேரம் பேச முடியாது, ஆனால் பள்ளிக்கூடத்தைச் சீர்கெட நடத்துவதற்கு உரிமை எவருக்கும் இல்லை, ஆகவே நியாயமான ஒழுங்குவிதிகளை அரசு விதிக்கலாம். அந்த எல்லை எங்கே விழுகிறது என்று இந்தியாவில் இன்னமும் வழக்காடுகிறார்கள். வழக்காடுவதற்கு அவர்களிடம் ஒரு வரி இருக்கிறது.

நமக்கு 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழியில் எழுதிய மாணவன் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்கள மொழியில் எழுதியவனுக்கு 227 போதுமாயிருந்தது. 29ஆம் பிரிவு அப்போது உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது பாராளுமன்றம் ஆக்கும் சட்டங்களையே தடுத்தது. தரப்படுத்தலோ சட்டமாக வரவில்லை. நிருவாகத் தீர்மானமாக வந்தது. எல்லைக் கல் நட்ட இடத்தில் நின்றது, வாய்க்கால் மறிபட்டது.

இன்றைய நிலை அதுவன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1978ஆம் ஆண்டின் அரசியல் திட்டத்தில், தன் பண்பாட்டைப் பேணவும் தன் மொழியைப் பயன்படுத்தவும் பிரஜைக்கு உள்ள சுதந்திரம் 14ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டிருக்கிறது. தேசிய மொழிகளில் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரிமை 21இல் இருக்கிறது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988இல் மொழி பற்றிய அத்தியாயம் மீண்டும் திருத்தப்பட்டு, வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்றாயிற்று.

ஆனால் உறுதியின் பின்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். நிறைவேறிய சட்டத்தைச் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் கூற முடியாது. மசோதாவாக இருக்கும் குறுகிய காலத்துக்குள் ஓடிப்போய் ஆட்சேபிக்க வேண்டும். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் நிலைத்து நிற்கும். மக்களின் பண்பாடுகளையும் மொழிகளையும் வளர்க்க அரசு துணைபுரிய வேண்டும் என்று ஓர் அத்தியாயத்தில் அழகாக எழுதிவிட்டு, அந்த அத்தியாயத்தை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று அதன் கடைசியில் எழுதியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லும் உறுப்புரையின் இலக்கம் என்ன தெரியுமா? 29!

எஞ்சியிருப்பது 126ஆம் உறுப்புரை. நிருவாகச் செயலால் அடிப்படை உரிமையோ மொழி உரிமையோ மீறப்பட்டால் நேரே உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். தரப்படுத்தல் வந்த காலத்தில் இப்படியொரு வழி இல்லை. ஆனால் தவணை ஒரு மாதம் மட்டுமே.

அண்மையில் ஒரு கமக்காரர் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். அவரது காணி சம்பந்தமாக ஒரு திணைக்களம் அனுப்பியது, முழுவதும் சிங்களம். வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி மூன்று இடம் அலைந்திருக்கிறார். விடயம் விளங்கியபோது ஐந்து வாரம் கடந்துவிட்டது. மொழி உரிமை மீறப்பட்டதற்குச் சான்றாகிய அந்தக் கடிதமே, அவர் பரிகாரம் தேடும் தவணையையும் விழுங்கிவிட்டது. புதிய அரசியல் திட்டம் எழுதுவதைப் பற்றிப் பேசுவோரிடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரியையும் பாஷைக்கு ஒரு வரியையும் கேட்கும்போது, இந்த ஒரு மாதத்தையும் நீட்டித் தருமாறு கேளுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தத் தவணையிற் சேராது. முறைப்பாட்டின் பிரதியையும் விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். விளங்காத மொழியிற் கடிதம் வந்தால், உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதிலுள்ள தபால் முத்திரைத் திகதி வேண்டும். கூட்டம் முடிந்ததும் நான் இந்த மேசையிலேயே இருப்பேன். கடிதம் கொண்டு வந்தவர்கள் உறையோடு வாருங்கள்.